குன்னூரில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம்: வரியை நாள் கணக்கில் பிரித்த அந்த ஒற்றைத் தாள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு பக்கம் ஏறிப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தப் பத்திர எழுத்தர் அலுவலகம். பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்துக்கே நாற்காலி போதவில்லையாம். ஊரில் யாரிடமாவது ‘கணக்குத் தாள் போட்டுக் கொடுப்பாரே, அவர்’ என்று கேட்டால் கைகாட்டி விடுவார்கள்.

பத்திரம் எழுத இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, மூலப்பத்திரம் சரிபார்ப்பது, டோக்கன் எடுப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். இவர்களிடம் வேறாக இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். விற்பவரும் வாங்குபவரும் வரி, தண்ணீர், கரண்ட், கிஸ்தி (நிலத்தீர்வை) எல்லாவற்றையும் எந்தத் தேதியில் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதை வரிவரியாக எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, சாட்சியும் போட்டுக் கொடுக்கிறார்கள். பத்திர வேலைக்கு என்னிடம் 5,000 ரூபாய் வாங்கினார்கள். தாளுக்குத் தனியாக 500. அந்த 500 தேவையா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினேன். வீடு நகராட்சி எல்லைக்குள். அதற்குக் கீழே சரிவில் 20 சென்ட் தேயிலை, அது மட்டும் ஊராட்சிக்குள் போய்விடுகிறது. விற்றவர் மெல்போர்னில் இருக்கும் ஒரு தம்பி; அப்பா கட்டிய வீடு. இங்கே அவருக்காகக் கையெழுத்துப் போடுகிற பவர் அவருடைய சித்தப்பாவிடம். ஆடி முடியட்டும் என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டதால் காத்திருந்து, ஆவணி பிறந்ததும் ஆகஸ்ட் 21, புதன்கிழமை பதிவு வைத்தோம், ராகு காலத்துக்கு முன்னால் கையெழுத்து முடிகிற மாதிரி.

முதலில் வில்லங்கச் சான்று பற்றி ஒரு வார்த்தை. அது சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பதிவான கிரயம், அடமானம், தானம் எல்லாம் தெரியும். தண்ணீர்க் கட்டணம் பாக்கி இருப்பது தெரியாது, வீட்டு வரி பாக்கி தெரியாது, கிஸ்தி கட்டாமல் விட்டது தெரியாது. இந்த அலுவலகத்தில் இருக்கிற பெண், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே, வரி விதிப்பு எண்ணையும் குடிநீர் இணைப்பு எண்ணையும் கேட்டு வாங்கி நிலுவை பார்த்துவிட்டார். வீட்டு வரி ஏப்ரலிலேயே கட்டியிருந்தது. தண்ணீர்தான் இரண்டு வருஷமாகக் கட்டவில்லை. மாதம் 150 ரூபாய் வீதம் ஜூலை முடிய 24 மாதம், 3,600 ரூபாய். வீடு பூட்டிக் கிடந்தது, யார் தண்ணீர் பிடித்தார்கள் என்றார் பெரியவர். பூட்டின வீட்டுக்கும் இணைப்பு இணைப்புதான் ஐயா, என்றார் அந்தப் பெண். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அதே மூச்சில் சர்வே எண்ணை வைத்து, நிலம் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்றும் பார்த்துச் சொன்னார்கள். நீலகிரியில் நிலம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இருந்தால் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. என்னுடையதில் பிரச்சினை இல்லை.

இனி வரி. நம் நகராட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. இந்த வீட்டுக்கு முன்பு அரையாண்டுக்கு 1,464 ரூபாய் இருந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் 601 முதல் 1,200 சதுர அடி வரையான வீடுகளுக்கு 50 விழுக்காடு ஏற்றினார்களே, அப்போது 2,196 ஆனது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் உச்சவரம்போடு. பெரியவர் அதில் கெட்டி. ஏப்ரலிலேயே போய்க் கட்டி, 110 ரூபாய் கழிவோடு 2,086-க்கு ரசீது வாங்கி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 21-இல் வீடு என் பெயருக்கு வருகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். ஆகஸ்ட் 20 வரை 142 நாள் அவர்களுடையது, மிச்சம் 41 நாள் என்னுடையது. அந்த 41 நாளுக்கான வரியை நான் திருப்பித் தர வேண்டுமா? மெல்போர்ன் தம்பிக்குச் சந்தேகமே இல்லை. வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, “அக்கா, இங்க வீடு கைமாறுற அன்னிக்கு எல்லாத்தையும் நாள் கணக்குல பிரிச்சு ஒரு ஷீட்ல போட்டுடுவாங்க. அதே மாதிரி போட்டுடலாம்” என்றார்.

எழுத்தர் ஐயா மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தார். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. கிரயத் தேதி வரை சேர்ந்து நிலுவையான அரசு வரிகளை விற்பவர் கட்ட வேண்டும். உரிமை கைமாறிய பிறகு கட்ட வேண்டி வருவதை வாங்குபவர் கட்ட வேண்டும். ஆனால் இதெல்லாம் இரண்டு பேருக்கும் இடையில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான். அவர் சொன்ன விளக்கம் இது: ஏப்ரலில் விழுந்த அரையாண்டு வரி விற்பவர் தலையில் விழுந்தது, அவர் கட்டியும் விட்டார். அதில் 41 நாளைத் திருப்பிக் கொடு என்று வாங்குபவரிடம் கேட்க வேண்டுமென்றால் கிரய ஒப்பந்தத்தில் எழுத்து இருக்க வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் வாங்குபவர் மனசு.

எனக்கு மனசு இருந்தது என்று பெருமையடிக்க வேண்டாம். தண்ணீர்ப் பாக்கி 3,600 அவர்கள் பக்கம் இருக்கும்போது நாள் கணக்கு எனக்கும் லாபம்தான். சரி, எழுதுங்கள் என்றேன்.

அடுத்ததாக 25 ரூபாய்க்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. பெரியவர், வரி 2,196, நாளைக்கு 12 ரூபாய், 41 நாளுக்கு 492 என்று மனக்கணக்கிலேயே சொன்னார். நான் ரசீதைக் காட்டி, நீங்கள் கட்டியது 2,086 தானே ஐயா, அதை 183-ஆல் வகுத்தால் 41 நாளுக்கு 467 தான் வருகிறது என்றேன். சீக்கிரம் கட்டியது என் சாமர்த்தியம், அந்தக் கழிவு எனக்கு, என்றார் அவர். மெல்போர்னிலிருந்து தம்பியும் சேர்ந்துகொண்டார். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் வழக்கமாகப் போடுகிற கிரய ஒப்பந்தத்தில், விற்பவருக்கோ வாங்குபவருக்கோ சட்டம் தனிப்பட்ட முறையில் தருகிற சலுகையைக் கணக்கில் எடுக்காமல்தான் பிரிக்க வேண்டும் என்று ஒரு விதியே இருக்கிறதாம். அது நியாயமான விதிதான். ஒருவருக்கு வயதுக்காகவோ வேறு எதற்காகவோ கிடைக்கிற கழிவை அடுத்தவர் ஏன் பங்கு போட வேண்டும்? ஆனால் ஊக்கத்தொகை ஆளுக்குக் கிடைப்பதில்லை, தேதிக்குக் கிடைக்கிறது. யார் கட்டினாலும் கிடைக்கும். எழுத்தர் ஐயா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “ரசீதுல என்ன இருக்கோ அதைத்தாம்மா நான் எழுத முடியும். கையை விட்டுப் போகாத காசைப் பிரிக்க முடியாது” என்று 467 என்று எழுதினார். பெரியவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பதிவு நாள் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. தம்பி ஊர் ஒப்பந்தத்தில் கைமாறுகிற அந்த நாளும் சேர்த்து விற்பவர் கணக்கு. நம் பத்திரத்தில் ‘இன்று முதல் தாங்களே வரி வகையறாக்களைச் செலுத்தி, சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்றுதான் எழுதுகிறோம். அப்படியென்றால் 21-ஆம் தேதி என்னுடையது. பதினொன்றரை ரூபாய் விஷயம், விட்டுவிட்டேன்.

தம்பி அவ்வளவு கெட்டியாகப் பேசியதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே வருஷம் மார்ச்சில் அவர் மெல்போர்னில் வாடகைக்கு விட்டிருந்த ஒரு யூனிட்டை விற்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அங்கே குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு நிலவரி கிடையாது. வாடகைக்கு விட்டதற்கு உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவில் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, அடுத்த வருஷத்துக்கான நிலவரி முழுவதும் அவருக்குத்தான். முன்பெல்லாம் நடுவருஷத்தில் விற்றால் மிச்ச நாளுக்கான பங்கை வாங்குபவரிடம் வாங்கிக்கொள்வார்கள். விற்பவருக்கு எத்தனை நிலம் இருந்தாலும் இந்த ஒரு நிலம் மட்டும் இருப்பதாக வைத்துத்தான் அந்தப் பங்கைப் போடுவார்கள், ஏனென்றால் மொத்த நிலத்தையும் கூட்டினால் வரி விகிதமே ஏறிவிடும். 2024 ஜனவரி 1-லிருந்து விக்டோரியாவில் இதற்குத் தடை வந்துவிட்டது. அந்த வருஷக் கணக்கில் ஒரு கோடி டாலருக்குக் குறைவான கிரயங்களில் நிலவரியை வாங்குபவர் தலையில் ஏற்றக் கூடாது. மீறி ஒப்பந்தத்தில் எழுதினால் அபராதம். அந்த வருஷமே வரி தொடங்குகிற வரம்பையும் 3,00,000 டாலர் நில மதிப்பிலிருந்து 50,000-க்கு இறக்கிவிட்டார்கள். ஆக, வீட்டை விற்றுக் கொடுத்தும் டிசம்பர் வரைக்குமான நிலவரி முழுவதையும் தம்பியே கட்டினார். அந்த ஊர் உள்ளாட்சி வரியும் தண்ணீரும் மட்டும் பழையபடி நாள் கணக்கில் பிரிந்தன.

அங்கே விட்டதை இங்கே பிடிக்கப் பார்த்தாயா தம்பி என்று நான் கேட்டேன். சிரித்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த மெல்போர்ன் சட்டம் ஒரு விதத்தில் பிடித்திருக்கிறது. வீடு வாங்குகிறவன் கையில் கடைசி நேரத்தில் காசே இருக்காது; அப்போது பார்த்து இன்னொரு வரியையும் நீட்டுவது சரியில்லை. ஆனால் விற்கிறவர்கள் அதை விலையில் ஏற்றாமலா இருப்பார்கள்?

தேயிலை 20 சென்ட்டுக்கு வேறு காலண்டர். கிஸ்திக்குப் பசலி வருஷம், ஜூலை 1-இலிருந்து ஜூன் 30 வரை. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. நாங்கள் பதிவு வைத்தபோது புதுப் பசலி தொடங்கி இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. 1433-க்கு ரசீது இல்லை. அதற்கு முந்தையதற்கும் இல்லை. 20 சென்ட்டுக்குக் கிஸ்தி ஒரு டீ காசுகூட வராது. பெரியவர் கட்டாததற்கும் அதுதான் காரணம். ஆனால் நிலம் கைவசம் இருந்ததற்கு கிஸ்தி ரசீது ஒரு சாட்சி. எழுத்தர் ஐயா விடவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 1433 முடியக் கட்டி ரசீதைக் கொண்டுவந்தால்தான் பத்திரம் டைப் ஆகும் என்று சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே போனார் பெரியவர். ரசீது வந்தது. 1434 என் பொறுப்பு. இதில் நாள் கணக்குப் போடவில்லை. பிரித்தால் பைசாவில் வரும்.

வரி எப்படியோ, வருமானமும் அப்படித்தானே. அதே 55-ஆவது பிரிவு, உரிமை கைமாறும் வரை வாடகையும் விளைச்சலும் விற்பவருக்கு என்கிறது. வீடு மட்டும் வாங்குகிறவர்களுக்கு இது தோன்றாது. தேயிலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இலை எடை போடுகிற நாள் ஒன்று, காசு வருகிற நாள் இன்னொன்று. பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் விலை அறிவிக்கிறார்கள். இலை ஏஜென்ட் காசு தருவது அதற்கு அப்புறம்தான். ஆகஸ்ட் மாதத்து இலைப் பணத்தை 20 நாள், 11 நாள் என்று பிரிப்பதா? கூடாது என்றார் எழுத்தர். வரி நாளோடு வளரும், இலை அப்படி வளராது. எடைச் சீட்டில் இருக்கிற தேதிதான் கணக்கு. ஆகஸ்ட் 20 வரை எடை போட்டது விற்பவருக்கு, 21 முதல் எனக்கு என்று தாளில் ஒரு வரி.

அந்த வரியைப் படித்துப் பார்த்த ஒருவர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் காதில் போட்டிருக்க வேண்டும். பதிவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தால், கொழுந்து என்ன, இரண்டு இலைக்குக் கீழே முற்றியது வரை ஒரு செடி விடாமல் உருவி எடுத்திருந்தார்கள். கரடுமுரடாகக் குச்சி நீட்டிக்கொண்டு நின்றது தோட்டம். எழுத்தரிடம் சொன்னேன். தாளில் இருக்கிறபடிதானே நடந்திருக்கிறது என்றார். அது உண்மைதான்; ஆனாலும் பதிவுக்கு முன் எத்தனை நாளைக்கு இலை எடுக்கக் கூடாது என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். தேயிலையோடு வாங்குகிறவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த கொழுந்து செப்டம்பர் நடுவில்தான் கிடைத்தது.

கரண்ட்டுக்குத் தாளில் நாள் இல்லை, யூனிட் உண்டு. பதிவு அன்று காலையில் மீட்டரைப் போட்டோ எடுத்து, அந்த எண்ணை எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாத பில் வந்ததும் அந்த எண் வரைக்கும் உள்ள யூனிட் அவர்களுடையது. பூட்டின வீடு என்பதால் ஒன்றும் பெரிதாக இல்லை.

கடைசியில் தாள் இப்படி முடிந்தது. தண்ணீர் 3,600-உம் ஆகஸ்டில் 20 நாளுக்கு 97-உம் சேர்த்து அவர்கள் எனக்குத் தர வேண்டியது 3,697. வரியில் நான் தர வேண்டியது 467. கழித்தால் 3,230. கிரயத்தில் நான் தர வேண்டிய பாக்கித் தொகையில் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன். தண்ணீர்ப் பாக்கியை நானே போய்க் கட்டினேன். கவனிக்க வேண்டியது, பத்திரத்தில் கிரயத் தொகை மாறவே இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு முழு விலைக்கும் கட்டியாகிவிட்டது. வரிக் கணக்கை விலைக்குள் கொண்டுவந்து குழப்பக் கூடாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். (2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. குன்னூரில் 10 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கும் என்று எனக்குக் காட்டினால் நன்றாக இருக்கும்.)

குறை சொல்லாமல் முடித்தால் விமர்சனமாக இருக்காது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாங்குபவர்தான் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போது 50 லட்சத்திலிருந்துதான் 1 விழுக்காடு பிடித்தம்; வெளிநாட்டுக்காரர் என்றால் அந்த வரம்பு இல்லை, விகிதமும் கூடுதல். இதற்கு நான் டான் எண் (வரியைப் பிடித்துக் கட்டுகிறவருக்கான எண்) எடுக்க வேண்டியிருந்தது. இந்த அலுவலகம் இதை அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் சொன்னது, அதுவும் ‘அது ஆடிட்டர் வேலைம்மா’ என்று ஒரே வரியில். ஆயிரக்கணக்கில் பிரிக்கிற தண்ணீர் வரிக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள், லட்சத்தில் பிடிக்க வேண்டியதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆடிட்டர் செலவு தனி. பவரும் அப்படித்தான்: மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தான பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதைப் பெரியவருக்கு நினைவூட்டியது நான்.

இன்னொன்று, தாளைக் கையால் எழுதுகிறார்கள். கையெழுத்து அழகுதான், ஆனால் 1-உம் 7-உம் ஒரே மாதிரி இருக்கிறது. டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் சிரிக்கிறார். மெல்போர்ன் தம்பிக்கு நான்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு இவர்கள் ஆளை அனுப்பமாட்டார்கள். விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள், நாமே நகராட்சியில் கொடுக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், பெயர் மாறும் வரை நோட்டீஸ் பழையவர் பெயருக்கே போகும், அக்டோபரில் சலுகைத் தேதி நம்மைக் கேட்காமல் போய்விடும். பட்டா, உட்பிரிவு இல்லாத நிலம் என்பதால், பதிவோடு சேர்ந்தே இணையத்தில் நகர்ந்துவிட்டது.

போகும்போது கொண்டுபோக வேண்டியது: கடைசி சொத்து வரி ரசீது, குடிநீர் இணைப்பு எண், கரண்ட் பில், கிஸ்தி ரசீது, தேயிலை இருந்தால் இலை ஏஜென்ட் சீட்டு. விற்பவரையும் கூட்டிப் போங்கள். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கணக்கே போடுவதில்லை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கதவு சாத்தியிருக்கும். செவ்வாய்க்கிழமை போனால் உட்கார இடமும், பேச நேரமும் கிடைக்கும். அன்றைக்குப் பத்திரம் போட யாரும் வருவதில்லை.